இரண்டு முட்டியில் இருபத்திரண்டு வீட்டு அரிசி

கோல்கீப்பராக இருப்பதில் ஒரு பெரிய அநியாயம் உண்டு. பிடித்த பந்தை ஆட்டம் முடிவதற்குள் எல்லாரும் மறந்துவிடுவார்கள். விட்ட பந்தைப் பேரன் காலம்வரை சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஆறு வருடம் நான் கோல் போஸ்டுக்கு நடுவில் நின்றிருக்கிறேன். நல்ல நல்ல பந்துகளையெல்லாம் பாய்ந்து பிடித்திருக்கிறேன் (நம்புங்கள், சாட்சி சொல்லத்தான் இப்போது யாரும் உயிரோடு இல்லை). ஆனால் என் பெயரைச் சொன்னால் ஐந்து நிமிடத்துக்குள் விட்ட இரண்டு கோல்கள்தான் அந்தக் காலத்தில் எல்லாருக்கும் ஞாபகம் வரும். அந்த இரண்டினால் எங்கள் அணிக்கு வர வேண்டிய கோப்பை போனது. எங்கள் கேப்டன் நான்கு மாதம் சிறையில் இருந்தார். குற்றம் முழுக்க என்னுடையது. இன்னும் சரியாகச் சொன்னால், என் இரண்டு முட்டிகளுடையது.

கோல சிலாங்கூரிலிருந்து ஜெராமுக்குப் போகும் சாலையில் ஆறாவது மைல்கல் தாண்டி உள்ளே திரும்பினால் எங்கள் தோட்டம். ஆறாங்கட்டைத் தோட்டம் என்பார்கள். போருக்குப் பிறகு அங்கே வந்த துரைக்கு ரப்பரைவிடப் பந்தின் மேல்தான் பிரியம். சுற்று வட்டாரத் தோட்டங்களில் எவனாவது நன்றாக உதைக்கிறான் என்று காதில் விழுந்தால் போதும், அங்குள்ள துரையிடம் பேசி ஆளைக் கொண்டுவந்துவிடுவார். வந்தவனுக்கு லயம் என்கிற தொழிலாளர் வரிசையில் ஒரு வீடு, லேசான ஒரு வேலை. மற்றவர்கள் விடியற்காலைப் பெரட்டில் நின்று பெயர் கொடுத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு மரம் சீவப் போகும்போது, நாங்கள் பதினொரு பேர் அப்போதுதான் பல் விளக்கிக்கொண்டிருப்போம். ‘பந்துக்காரங்க’ என்று எங்களுக்குப் பட்டம். எனக்குப் புகைக் கொட்டகையில் ரப்பர் ஷீட்டைத் திருப்பிப் போடுகிற உத்தியோகம். அதற்கு ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள், நான் நான்காவது. (என்னத்தைத் திருப்பினாய் என்று கேட்காதீர்கள்.)

எங்கள் கேப்டன் வீரையா அண்ணன். அப்போது அவருக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சயாமில் ரயில் போட ஜப்பான்காரன் ஆள் பிடித்தபோது, அந்தக் காலத்து அணியிலிருந்து ஒன்பது பேர் போனார்கள். உயிரோடு திரும்பியவர்கள் இரண்டு பேர். அந்த இரண்டு பேரில் ஒருவர் வந்த வருடமே காய்ச்சலில் போய்விட்டார். மிஞ்சியவர் வீரையா அண்ணன் மட்டும்தான். அதைப் பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. உடம்பு தேறியதும் திடலில் புல் வெட்டினார், ஆள் சேர்த்தார், மறுபடி விளையாட ஆரம்பித்தார். அவ்வளவுதான்.

பிறகு அவசரகாலம் வந்தது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் வெள்ளைக்கார சர்க்காருக்கும் சண்டை, நடுவில் நாங்கள். லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். சாயங்காலம் ஆனால் ஊரடங்கு. பந்துப் பைத்தியமான பழைய துரை சீமைக்குப் போய்விட்டார். புதிய துரைக்கு முகத்தில் சிரிப்பு என்ற சமாச்சாரமே கிடையாது. ஒருநாள் அவர் வீரையா அண்ணனை ஆபீசுக்குக் கூப்பிட்டார். தனித்தனியாகக் கிடக்கும் இரண்டு லயங்களையும் ஒரே வேலிக்குள் கொண்டுவர வேண்டும். அதற்குத் திடலைத் தவிர இடம் இல்லை. ஆகவே அங்கே வீடுகள் வரும். வெளி ஆட்டத்துக்கு லோரியும் துப்பாக்கிக் காவலும் அடுத்த வருடம் முதல் கொடுக்க முடியாது. இந்த வருடத்து ஆட்டங்களோடு அணி கலைக்கப்படும், எல்லாரும் மரம் சீவப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

வீரையா அண்ணன் வெளியே வந்து எங்களிடம் அதை அப்படியே சொன்னார். பிறகு இதையும் சொன்னார்.

“இந்த வருசம் கப்பு எடுக்கணும்டா. அதுல பேரு வெட்டுவாங்க. டீம கலைச்சாலும் வெட்டுன பேர கலைக்க முடியாது.”

வட்டாரச் சுழற்கிண்ணத்தைத்தான் சொன்னார். வருடத்துக்கு வருடம் கைமாறும் பெரிய வெள்ளிக் கோப்பை. அதன் அடிக்கட்டையைச் சுற்றிச் சின்னச் சின்ன வெள்ளித் தகடுகள். ஜெயித்த அணியின் பெயரை ஒவ்வொன்றிலும் வெட்டியிருப்பார்கள். போருக்கு முன்னும் பின்னும் நான்கு தடவை கடைசி ஆட்டம் வரை போய், நான்கு தடவையும் தோற்றவர் அவர். செத்துப்போன எட்டுப் பேரும் அந்த ஒரு தகட்டுக்காகத்தான் ஆடினார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

அந்த வருடம் நாங்கள் ஆடிய லட்சணத்தைச் சொல்ல வேண்டும். நான்கு மணிக்கு வேலை முடிந்து ஆறு மணிக்குள் எல்லாரும் வீட்டுக்குள் இருக்கவேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் பந்து முள்கம்பியைத் தாண்டிவிட்டால் கதை முடிந்தது. கேட்டில் இருக்கும் எஸ்.சி. என்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் காவல்காரரிடம் போய்ச் சொல்லி, அவர் மேலே கேட்டு, துப்பாக்கியோடு இரண்டு பேர் முன்னே போக, பின்னால் ஒருவன் போய்ப் பந்தை எடுத்துவர வேண்டும். அதற்குள் ஊரடங்குச் சங்கு ஊதிவிடும். அப்படி மூன்று பந்துகள் காட்டோடு போயின. காட்டுக்குள்ளும் ஓர் அணி தயாராகிக்கொண்டிருக்கிறது என்று நாங்கள் பேசிக்கொண்டோம், மெதுவாகத்தான். மற்ற தோட்டங்களுக்கும் இதே கதி என்பதால் மூன்று அணிகள் ஆட்டத்துக்கே வரவில்லை. ஆக, கடைசி ஆட்டம்வரை நாங்கள் வந்து சேர்ந்ததில் எங்கள் காலைவிட ஊரடங்கின் உழைப்புதான் அதிகம்.

கடைசி ஆட்டம் கோல சிலாங்கூர் டவுன் திடலில். எதிரணி ஜெராம் மீனவர்கள். மலாய்க்காரப் பையன்கள், மணலில் ஓடி வளர்ந்த கால்கள்.

இந்த இடத்தில்தான் என் வாய் வேலை செய்தது. ஆட்டத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசையில், இருக்கிற சனத்துக்கு நடுவில் நின்று ஒரு வேண்டுதலை நான் அறிவித்தேன். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுபோவோம். கோப்பை கைக்கு வந்ததும், அதே நாளில், டவுன் மாரியம்மன் கோயிலில் அந்த அரிசியில் பொங்கல் வைப்போம். ஊர்ப்பொது வேண்டுதல் என்றால் பிடி அரிசி வாங்குவது எங்கள் சனங்களின் வழக்கம்தான். ஒருவன் வீட்டு அரிசியில் வைத்தால் அது அவன் பொங்கல். எல்லார் வீட்டு அரிசியும் கலந்தால்தான் ஊர்ப் பொங்கல். அதில் தப்பு ஒன்றும் இல்லை. காலம்தான் தப்பு.

அரிசி என்ற சொல்லை வெளியே உரக்கச் சொல்லவே பயந்த காலம் அது. காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பருக்கை போய்ச் சேரக்கூடாது என்பது சட்டம். தலைக்கு இவ்வளவு என்று வாரா வாரம் அளந்து கொடுப்பார்கள். டின் மீன் வாங்கினால் கடைக்காரர் டின்னில் துளை போட்டுத்தான் கையில் தருவார். அன்றைக்கே தின்று தீர்த்துவிட வேண்டும். மரம் சீவப் போகிற பெண்கள் கேட்டில் மடியை உதறிக் காட்டிவிட்டு, பசியோடுதான் ரப்பர் காட்டுக்குள் போனார்கள். பச்சரிசியோ புழுங்கலரிசியோ, வேலிக்கு வெளியே ஒரு பொட்டலம் பிடிபட்டால் வருடக்கணக்கில் உள்ளே போகவேண்டியதுதான். அப்படிப்பட்ட நாளில் இருபத்திரண்டு வீட்டுப் பெண்கள் தங்கள் பங்கிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கொடுத்தார்கள். எனக்காக யாரும் கொடுக்கவில்லை. வீரையா அண்ணனுக்காகக் கொடுத்தார்கள்.

விஷயம் அவர் காதுக்கும் போனது. தண்ணீர்த் தொட்டிக்கு என்னை வரச்சொன்னார்.

“அரிசியெல்லாம் வேணாண்டா தம்பி. பொங்கல நம்ம லயத்துலயே வச்சுக்கலாம். கேட்டுல புடிச்சான்னா ஆட்டமும் போச்சு, ஆளும் போச்சு.”

“சரிண்ணே,” என்றேன்.

சொல்லிவிட்டு நேராக என் அக்காவிடம் போனேன். தோட்டத்தில் தையல் மெஷின் வைத்திருந்த ஒரே ஆள் என் அக்கா பொன்னம்மா. சொன்ன இடத்தில் செய்யாத வேண்டுதல் பலிக்காது என்பது என் சித்தாந்தம் (யாரிடம் படித்தேன் என்று தெரியவில்லை). கோல்கீப்பர் முட்டிக்குக் கட்டும் பஞ்சுப் பட்டை இரண்டு என்னிடம் இருந்தன. அவற்றைப் பிரித்து, இலவம் பஞ்சை எடுத்துவிட்டு, அரிசியை மஞ்சள் துணியோடு உள்ளே வைத்து அக்கா தைத்துக் கொடுத்தாள். இடது முட்டியில் மேட்டு லயத்துப் பதினொரு வீடு, வலது முட்டியில் பள்ளத்து லயத்துப் பதினொரு வீடு. கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பார்த்தேன். முட்டி மடங்க மறுத்தது. யானைக்கால் வந்தவன் மாதிரி இருக்கிறாய் என்று அக்கா சொன்னாள். பெரிய ஆட்டத்துக்குப் பெரிய பட்டைதான் கட்டுவார்கள் என்று நான் அவளுக்குப் பந்தாட்டத்தை விளக்கினேன்.

ஆட்டத்தன்று கேட்டில் எல்லாரையும் லோரியிலிருந்து இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். எஸ்.சி. ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்து வந்தார். என் முட்டியை விரலால் தட்டினார். சத்தம் வேறு மாதிரி வந்ததோ என்னவோ, என்ன இது என்று கேட்டார். பந்து பட்டால் வலிக்காமல் இருக்க, என்றேன். அவர் இன்னொரு தட்டு தட்டிவிட்டு, இவ்வளவு பயந்தால் எதற்கு விளையாட வருகிறாய் என்று சிரித்து அனுப்பிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சட்டத்தையே ஏமாற்றிவிட்ட பெருமையில், லோரியில் நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடிக்கொண்டு வந்தேன்.

கோல சிலாங்கூரில் காலையிலேயே மழை. திடல் பூராவும் சொதசொதவென்று கிடந்தது. கலங்கரை விளக்குக் குன்றின் பக்கம் கூடாரம் போட்டு, எங்கள் துரையும் ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரியும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் மேசையில் கோப்பை. வீரையா அண்ணன் திடலுக்குள் இறங்கும்போது அதை ஒரு தடவை பார்த்தார். அவர் அதற்குமேல் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அரிசி தண்ணீரில் ஊறினால் என்ன ஆகும் என்று அடுப்படிக்குள் ஒரு நாள் நுழைந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். முதல் பாதியில் நான்கு தடவை சேற்றில் விழுந்து எழுந்தேன். ஒவ்வொரு தடவையும் முட்டி கனத்துக்கொண்டே போனது. அரைமணி நேரத்தில் தையல் விறைத்துக்கொண்டு நின்றது. இடைவேளையில் பார்த்தால் இரண்டு காலிலும் அரிசி களைந்த தண்ணீர் வெள்ளையாக வடிந்துகொண்டிருக்கிறது.

வீரையா அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். கால்ல என்னடா வெள்ளையா வடியுது என்று கேட்டார். கோட்டுக்குப் போட்ட சுண்ணாம்புண்ணே, விழுந்ததில் ஒட்டிக்கொண்டது என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கழுவிக்கோ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாம் பாதியில் அவர் ஆடியதை என்னால் விவரிக்க முடியாது. எழுத்தில் எனக்கு அவ்வளவு கெட்டிக்காரத்தனம் இல்லை. நாற்பது வயது மனிதர், சயாமில் பாதி உடம்பை விட்டுவிட்டு வந்தவர், மூலையிலிருந்து வந்த பந்துக்கு இரண்டு இளவட்டங்களுக்கு மேலே எழும்பித் தலையால் முட்டினார். கோல். எங்கள் ஆட்கள் அவர் மேல் விழுந்து புரண்டார்கள். நான் மட்டும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை; ஓட முடியவில்லை. ஒன்றுக்குப் பூச்சியம். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருந்தது. அந்த ஐந்து நிமிடத்துக்கு எங்கள் பெயர் கோப்பையில் இருந்தது என்றே சொல்லலாம்.

ஜெராம் பையன் ஒருவன் இடது பக்கமிருந்து உதைத்தான். நான் பாய்ந்து தட்டிவிட்டேன். நல்ல தடுப்பு. கீழே விழும்போது வலது முட்டி போஸ்டில் உரசியது. ‘சர்ர்’ என்று ஒரு சத்தம். பள்ளத்து லயத்துப் பதினொரு வீட்டு அரிசியும் கோல் வாசலில் கொட்டியது.

பந்து இன்னும் ஆட்டத்தில்தான் இருந்தது. அந்த நேரத்தில் கோல்கீப்பராகப் பிறந்தவன் பந்தைப் பார்ப்பான். நான் கூடாரத்தில் இருந்த போலீஸ் அதிகாரியைப் பார்த்தேன். பிறகு குப்புறப் படுத்து, நெஞ்சால் அரிசியை மூடினேன். இரண்டு கையாலும் சுற்றிச் சிதறியதை வாரி வயிற்றுக்குக் கீழே தள்ளினேன். எனக்கு மேலே பந்து தாராளமாக உள்ளே போனது.

அடி வாங்கிக் கிடக்கிறேன் என்று நினைத்து நடுவர் வந்து கேட்டார். ஒன்றுமில்லை என்று எழுந்து நின்றேன். எழுந்ததில் இடது முட்டியும் பிரிந்துகொண்டது. இப்போது இருபத்திரண்டு வீடும் தரையில். கோலுக்குப் பின்னால் மலாய்க்காரர் வீடுகள் இருந்தன. அவர்களுடைய கோழிகளுக்கு எப்படித்தான் தெரிந்ததோ, ஒன்று வந்தது, பின்னால் குஞ்சுகளோடு ஒன்று வந்தது, அப்புறம் ஊர்க் கோழியெல்லாம் வந்துவிட்டது. கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. நான் கோழி விரட்டிக்கொண்டிருந்தேன். சூ, சூ என்று நான் கையை வீசிக்கொண்டிருந்தபோது இரண்டாவது கோல் என் முதுகுக்குப் பின்னால் விழுந்தது.

அதை அடித்த ஜெராம் பையன் சந்தோஷத்தில் கையைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் ஓடி வந்தான். தரையைப் பார்த்ததும் கை கீழே இறங்கிவிட்டது. “பெராஸ்?” என்று மெதுவாகக் கேட்டான். அரிசியா என்று. நான் தலையை ஆட்டினேன். அவன் கூடாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு காலால் சேற்றைத் தள்ளி அரிசியை மூட ஆரம்பித்தான். எங்களை ஜெயித்தவன் அவன். அந்த நிமிடத்தில் அந்தத் திடலில் எனக்கு இருந்த ஒரே துணையும் அவன்தான்.

பலனில்லை. போலீஸ் அதிகாரி வந்தார், துரையும் வந்தார். மஞ்சள் துணி சேற்றுக்கு மேலே தெளிவாகத் தெரிந்தது. யார் அரிசி என்று துரை தமிழில் கேட்டார். (தோட்டத்துத் துரைமாருக்குத் தமிழ் தெரியும், கேள்வி கேட்கிற அளவுக்கு.) என் அரிசி என்று சொல்ல வேண்டும். இரண்டே சொல். பூசையில் ஊர் கேட்கப் பேசிய வாய், லோரியில் பாடிய வாய், அப்போது ஒட்டிக்கொண்டுவிட்டது. பயம். வேறு காரணம் எதுவும் சொல்லி என்னை நான் காப்பாற்றிக்கொள்ளப் போவதில்லை.

வீரையா அண்ணன் எனக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றார்.

“அரிசி என்னுது தொரே. அவன் பட்டையில நாந்தான் வச்சுத் தச்சேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது.”

“எங்கேருந்து எடுத்தே?”

“என் வீட்டுப் பங்கு. வயித்தக் கட்டி மிச்சம் புடிச்சேன்.”

முட்டியில் கட்டிக்கொண்டு ஆடியவனுக்குத் தெரியாமல் இருக்குமா என்று ஒரு குழந்தைகூடக் கேட்கும். துரை கேட்கவில்லை. ஆள் கிடைத்துவிட்டது, அவர்களுக்கு அது போதும். போலீஸ்காரர்கள் குனிந்து அரிசியைப் பொறுக்கினார்கள். சாட்சியத்தில் பாதியைக் கோழிகள் தின்றுவிட்டிருந்தன. வீரையா அண்ணன் பூட்சைக் கழற்றி, இரண்டையும் முடிச்சுப் போட்டு, என் கழுத்தில் மாட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜெராம்காரர்கள் கோப்பையை வாங்கும்போது யாரும் கைதட்டவில்லை. வாங்கியவர்களே தட்டவில்லை.

லோரி திரும்பி வந்தபோது கேட்டுக்கு உள்ளே பெண்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். பத்துப் பேர் இறங்கினோம். விஷயத்தைக் கேட்டு முடித்ததும் அக்கா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“நீ ஏண்டா வாயத் தொறக்கல?”

இரண்டு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் நான் ஆபீசுக்குப் போனேன். துரையைப் பார்க்க விடாமல் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். நல்ல மனிதர், எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. நீ இப்போது உள்ளே போய் உண்மையைச் சொன்னால் வீரையா சொன்னது பொய் என்று ஆகும், அதற்கு அவருக்கு இன்னொரு கேஸ். அடுத்தது அரிசி கொடுத்தது யார் என்று கேட்பார்கள். இருபத்திரண்டு பெண்களையும் லோரியில் ஏற்றுவார்கள். அதற்காகத்தான் அவர் முந்திக்கொண்டார், போய் வேலையைப் பார் என்றார். நான் திரும்பி வந்தேன். கிராணி சொன்னது நியாயம்தான். எனக்கு வசதியான நியாயமாகவும் அது இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அதோடு அணி முடிந்தது. துரை யாரையும் கூப்பிட்டுச் சொல்லக்கூட இல்லை. திடலில் நூல் கட்டி அளந்து, மேட்டு லயத்து வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து நட்டார்கள். நான் நின்ற கோல் வாசலில் ஒரு குடும்பம் சோறு பொங்கியது. போஸ்ட் இரண்டுக்கும் நடுவில் கயிறு கட்டித் துணி காயப்போட்டார்கள். பந்துக்காரர்கள் எல்லாரும் பெரட்டில் நின்று பெயர் கொடுத்தோம். மரம் சீவத் தெரியாத எனக்கு வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பாடம் எடுத்தார். பட்டையைச் சீவச் சொன்னால் பலகை அறுக்கிறாயே என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் சீவிய வரிசை மரங்கள் அழுத மாதிரி மரங்கள் அழுது அவர் பார்த்ததில்லையாம், பால் தவிர எல்லாம் வந்ததாம்.

வீரையா அண்ணனுக்கு நான்கு மாதம் கொடுத்தார்கள். அவர் வீட்டில் அஞ்சலை அண்ணியும் மூன்று பிள்ளைகளும். வேலிக்குள் அரிசி கொடுக்கல் வாங்கலுக்குச் சட்டம் குறுக்கே வராது என்பதால், பங்கு கொடுக்கிற நாளில் அதே பெண்கள் மறுபடி வீட்டுக்கு ஒரு பிடி போட்டார்கள். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை அக்கா என் தலையில் கட்டினாள். பதினாறு வாரம் போனேன். அண்ணி பையை வாங்குவார், உள்ளே கொட்டுவார், வெறும் பையைத் திருப்பிக் கொடுப்பார். ஒரு வார்த்தை கிடையாது. திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும்.

அவர் விடுதலையாகி வந்தது எனக்குத் தெரியாது. அன்று பங்கு நாள். கடை வாசலில் வரிசை நீளமாக இருந்தது. நான் என் பங்கை வாங்கிக்கொண்டு பையோடு திரும்புகிறேன், வரிசையின் கடைசியில் வீரையா அண்ணன் நிற்கிறார். தலையை ஒட்ட வெட்டியிருந்தது, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவருக்கு முன்னால் நின்ற எல்லாரும் வழிவிட்டு நகர, அவர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுத் தன் இடத்திலேயே நின்றார். நான் பக்கத்தில் போகவேண்டும். காலில் விழ வேண்டும். நான்கு மாதமாகப் படுக்கையில் மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் எனக்கு இருந்தன. அவை வாய்க்கு வருவதற்குள் கையிலிருந்து பை நழுவியது. ஒரு வாரத்து அரிசி முழுவதும் சிமெண்டுத் தரையில் கொட்டியது.

எல்லாரும் அவரைப் பார்க்கிறார்கள். அவர் தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“கோல்,” என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். முதலில் சிரித்தது அஞ்சலை அண்ணி. பிறகு என் அக்கா. பிறகு வரிசை முழுக்க, கடைக்காரர், காவலுக்கு நின்ற எஸ்.சி. வரைக்கும். கலைந்துபோன அந்த அணிக்கு அப்படி ஒரு கைதட்டல் அதற்கு முன்னால் கிடைத்ததில்லை. நான் குந்திக்கொண்டு அரிசியை வாரினேன், வாரியபடியே அழுதேன். அவரும் பக்கத்தில் வந்து குந்தி, இரண்டு கையாலும் வாரிப் பையில் போட்டார். அந்த அரிசியைப் பற்றி அவர் என்னிடம் கேட்டதும் இல்லை; மன்னிப்பு என்று நான் ஆரம்பித்த நாளெல்லாம் என்னை முடிக்க விட்டதும் இல்லை.

அன்றிலிருந்து எங்கள் லயத்தில் யார் கையிலிருந்து அரிசி சிந்தினாலும் ‘கோல்’ என்று கத்துவது வழக்கமாகிவிட்டது. லயத்திலிருந்து அது என் வீட்டுக்கு வந்தது, என் கல்யாணத்தோடு மனைவிக்குத் தொற்றியது, பிள்ளைகளுக்குப் போனது. இப்போது செரண்டாவில் என் மகன் வீட்டில் இருக்கிறேன். அங்கே சோற்றுப் பானை வைத்த அடுப்படியில் நாலு பருக்கை விழுந்தால் போதும், கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிற பேத்தி அங்கிருந்தே கோல் என்கிறாள்.

போன மாதம் அவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை சாப்பிட வந்திருந்தார். பரிமாறும்போது மருமகள் கை தவறியது. மூன்று பேர் ஒரே குரலில் கத்தினோம். மாப்பிள்ளை திருதிருவென்று விழித்து, இது என்ன பழக்கம் என்று கேட்டார். எங்க வீட்டுல அப்படித்தான் லா, ஏன்னு யாருக்கும் தெரியாது என்றாள் பேத்தி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு இலையைத் தள்ளி வைத்துவிட்டு, வீரையா என்று ஒரு கேப்டன் இருந்தார் என்று ஆரம்பித்தேன்.